வாயால் வரைந்த சக்கரம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் சுகம். உங்கள் இருமல் விட்டதா என்று முதலில் எழுதுங்கள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீங்களே சொல்லி முடித்துவிடுவீர்கள். இந்த ஒன்றை மட்டும் நான்தான் முழுசாகச் சொல்ல வேண்டும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை பெரிய ஆஸ்பத்திரியின் தண்ணீர் பம்பை வண்டியில் ஏற்றி எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். பிரித்துப் பார்த்தேன். உள்ளே சுழன்று தண்ணீரை மேலே தள்ளும் இம்பெல்லர் சக்கரம் நாலு துண்டாகக் கிடந்தது. அந்தப் பம்பைச் செய்த கம்பெனியை இழுத்து மூடிப் பல வருஷமாகிறது. மாற்றும் கிடையாது, வரைபடமும் கிடையாது. பிரசவ வார்டு மூன்றாம் மாடியில். நர்சுகள் வாளியில் தண்ணீர் சுமந்து படியேறுகிறார்கள் என்று கூட வந்த பிளம்பர் சொன்னார்.

வெட்டுவதற்கு எங்களிடம் மெஷின் இருக்கிறது. அதற்குக் கம்ப்யூட்டரில் வரைந்த உருவம் வேண்டும். வரைகிறவர் வேலையை விட்டுப் போய் ஒரு மாதம். வெளியே கொடுத்தால் பத்து நாள். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போது மேஸ்திரிதான், பேச்சில் சொன்னால் உருவம் வரைந்து தருகிற சாஃப்ட்வேர் ஒன்று வாங்கிச் சும்மா கிடக்கிறதே என்று ஞாபகப்படுத்தினார். யார் சொல்வது என்று முதலாளி கேட்டார். துண்டுகள் என் கையில் இருந்தன. நான் சொல்கிறேன் என்றேன்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நீங்கள் எனக்குக் கம்ப்யூட்டரில் வரையச் சொல்லிக்கொடுத்து, இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே நமக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது எனக்கும் மறக்கவில்லை.

முதலில் நடந்த கூத்தைக் கேளுங்கள். வட்டத் தட்டு, மேலே ஆறு இறக்கை, கொஞ்சம் வளைந்திருக்கணும் என்றேன். அழகாக ஒரு மின்விசிறி வந்தது. லேத் ஓட்டும் கடைசல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, கூரையில மாட்டிடுங்க, காத்தாவது வரும் என்றார். பட்டறையே சிரித்தது. அது போதாதென்று, கொஞ்சம் என்றால் எத்தனை மில்லிமீட்டர் என்று அந்தச் சாஃப்ட்வேர் என்னைக் கேட்டது. எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷமாக ஃபிட்டர் வேலை பார்க்கிறேன், மயிரிழை எடு என்றால் கடைசல்காரர் சரியாக மயிரிழைதான் எடுப்பார். யாரும் எத்தனை என்று கேட்டதில்லை.

கோபம் தணிந்ததும் யோசித்தேன். அதற்குக் கையும் இல்லை, துண்டைத் தொட்டும் பார்த்ததில்லை. பிறகு, பார்க்காத ஆளுக்குப் போனில் வழி சொல்வது போலச் சொல்ல ஆரம்பித்தேன். ஒவ்வொரு துண்டாக அளந்து அளந்து சொன்னேன். தட்டின் அகலம் இருநூற்று இருபது மில்லிமீட்டர். நடுத்துளை முப்பத்திரண்டு. இறக்கையின் கனம் அடியில் ஆறு, நுனியில் நாலு. வளைவுக்குத்தான் வார்த்தை கிடைக்கவில்லை. கடைசியில், பொண்ணு ஓடும்போது பின்னல் பின்னால பறக்குமே, இறக்கை அந்த மாதிரி என்றேன். உடனே, அவள் எந்தப் பக்கம் ஓடுகிறாள் என்று கேட்டது. எனக்கே அதன் மேல் மரியாதை வந்துவிட்டது. வலப்பக்கமாகச் சுற்றி ஓடுகிறாள் என்றேன். திரையில் சக்கரம் வந்து நின்றது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

முதலாளி உடனே வெட்டச் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. உடைந்த இறக்கையைத் திரையோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். வளைவு நேர் எதிராக இருந்தது. நான் மோட்டார் பக்கம் நின்று வலம் என்று சொல்லியிருக்கிறேன், அது முன்பக்கம் நின்று பார்த்திருக்கிறது. அப்படியே வெட்டியிருந்தால் உலோகமும் போயிருக்கும், ஒரு நாளும் போயிருக்கும். மோட்டார் பக்கம் வந்து நின்னு பாரு என்றேன். வளைவைத் திருப்பி வரைந்து கொடுத்தது.

இன்னொன்றும் கவனித்தேன். பழைய சக்கரம் எல்லா இடத்திலும் இறக்கை தட்டைத் தொடும் மூலையில்தான் உடைந்திருந்தது. கூர் மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும் என்று நீங்கள் சாப்பிடும்போது கூடச் சொல்வீர்களே. அந்த மூலையைக் கிண்ணத்தின் உள்ளடி மாதிரி வளைவாக்கு என்றேன். எத்தனை என்று கேட்டது. ஐந்து என்றேன். அந்த ஐந்து என் குத்துமதிப்புதான். கணக்குப் போட்டுச் சொல்ல அந்த அறையில் ஆள் இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வெண்கலக் கட்டியை மெஷினில் ஏற்றினோம். சாயங்காலம் நாலு மணிக்குச் சக்கரம் என் கைக்கு வந்தபோது இன்னும் சூடு இருந்தது. பம்பின் தண்டில் ஏற்றினேன். சுத்தியல் தேவைப்படவில்லை, உள்ளங்கையால் தள்ளியதும் போய் உட்கார்ந்தது. கடைசல்காரர் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அவர் யாருக்கும் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரி பம்பு அறையில் சுவிட்சைப் போட்டது நான்தான். முதலில் வெறும் இரைச்சல். பிறகு அழுத்தமானியின் முள் ஏறியது, ஏறிக்கொண்டே போய் நின்றது. மேலேயிருந்து ஒரு நர்ஸ் பிளம்பருக்குப் போன் செய்தாள். அவர் போனை என் காதில் வைத்தார். குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் குழாயின் அடியில் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்றோடு எட்டு நாள், ஒரு சொட்டுக் கசிவில்லை.

முதலாளி இப்போது ஊரில் உள்ள பழைய பம்புகளுக்கெல்லாம் இப்படிச் செய்து தரலாம் என்கிறார். உருவம் சொல்ல நான். அது தாங்குமா என்று கணக்குப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்றேன். தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த மாதிரி சாஃப்ட்வேர் வந்த பிறகு உங்கள் வரைபடக் கூடத்தில் பன்னிரண்டு மேசை நாலாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அந்த நாலில் உங்களுடையது எது என்று எழுதவில்லை. போன வாரம் மூன்று நாள் காலை பதினோரு மணிக்கு, வேலை நேரத்தில், அவசரமே இல்லாமல் பேசினீர்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. வரைகிறவன் இனிமேல் எதற்கு என்று சலித்துக்கொண்டீர்களே, அதற்கு மட்டும் பதில்: சொன்னதை அது வரைந்தது. எது உடையும் என்று அதுவும் கேட்கவில்லை, எனக்கும் முழுசாகத் தெரியவில்லை.

லீவு கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டு இருக்காதீர்கள். பெட்டியைக் கட்டுங்கள். திங்கட்கிழமை அடுத்த பம்பு வருகிறது. அதில் இருப்பது இதைவிடச் சிக்கலான வளைவு, என் குத்துமதிப்பு போதாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி