மூடப்பட்ட கிணறு

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலமாக இருக்கிறோம், அவளுடைய முழங்கால் வலியைத் தவிர. அதுவும் படி ஏறும்போது மட்டும்தான். நீயும் உன் வீட்டாரும் நலம் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நான் பாதியை விழுங்கிவிடுவேன், மீதியை அம்மா பிடுங்கிச் சொல்லிவிடுவாள். சின்னவள் பேச்சை எடுத்தால் உனக்குப் பிடிக்காது என்று தெரியும். அவள் கல்யாணத்தில் உங்கள் இருவருக்குள் நடந்த சண்டையைப் பற்றி, "அதை மூடியாச்சுப்பா, இனிமே கேக்காதீங்க" என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நான் கேட்கவில்லை. ஆனால் இந்த வாரம் நடப்பதை அவள் வீட்டுக்காரரை விட்டுவிட்டு எழுத முடியாது.

நம் பழைய ரயில் நிலையத்தை இடித்துக் கட்டுகிறார்கள் என்று முன்பே எழுதியிருந்தேன். முகப்பு வளைவுகளையும் மணிக்கூண்டையும் மட்டும் விட்டுவிட்டு, பின்னால் ரயில், பஸ், மெட்ரோ மூன்றும் ஒரே கூரைக்குள் வரும்படி ஐந்து மாடி எழுப்புகிறார்கள். சரக்கு முற்றம் இருந்த பக்கத்து வேலைக்கு மாப்பிள்ளைதான் பொறுப்பு. வெள்ளிக்கிழமை ஒரு வரைபடச் சுருளோடு வந்து, "மாமா, இது யாரு கையெழுத்துன்னு பாருங்க" என்று சிரித்துக்கொண்டே விரித்தார். என்னுடையதுதான். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் அந்த நிலையத்தின் பொறியியல் அலுவலகத்தில் நான் வரைந்த தள வரைபடம். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பிறகு முற்றத்தின் நடுவே ஒரு வட்டம் கண்ணில் பட்டது. நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீர் கொடுத்த கிணறு, பதினாலு அடி குறுக்களவு. பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் "மூடப்பட்டது" என்று எழுதியிருக்கிறேன். இதைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அதான் மூடியாச்சே மாமா, மண்ணைப் போட்டு தூர்த்திருப்பாங்க. வியாழக்கிழமை பெரிய கிரேன் அது மேலதான் நிக்கப் போகுது" என்றார்.

அந்தக் கிணற்றை யாரும் தூர்க்கவில்லை. குறுக்கே பழைய தண்டவாளங்களைப் போட்டு, மேலே கற்பலகைகளை அடுக்கி, ஆறடி மண்ணைக் கொட்டினார்கள். நான் அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நின்றேன் என்றுதான் நினைக்கிறேன். கட்டத்தில் ஒரு சொல்லுக்குத்தான் இடம் இருந்தது, அதனால் அப்படி எழுதினேன். படிப்பவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசிக்கவில்லை. வேறு ஏதோ கிணற்றை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறேனோ என்ற சந்தேகத்தில் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். மாப்பிள்ளை என் பேச்சைத் தட்டவில்லை, மேலதிகாரியிடம் பேசி, மண் பரிசோதனைக்குத் துளை போடுகிறவர்களை நேற்று வரவழைத்தார். வரைபடத்தின்படி நடைமேடை விளிம்பிலிருந்து அறுபத்திரண்டு அடி. நானே நாடா பிடித்து, சுண்ணாம்பால் குறி போட்டேன். இருபது அடி ஆழம் இறக்கினார்கள். மண், மண், வெறும் மண். துளை போடும் மேஸ்திரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பெரியவரே, கிணறு ஊருக்குப் போயிருக்கு போல, திரும்பி வந்ததும் சொல்லி அனுப்புங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். மாப்பிள்ளை காரில் என்னை வீட்டில் விடும்போது அவருடைய மேலதிகாரி போனில், "மாமனார் சொன்னாருன்னு இன்னும் எத்தனை ஓட்டை போடுறதா உத்தேசம்?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது. மாப்பிள்ளை போனை வைத்துவிட்டு எனக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டார், அதுதான் என்னைக் கொன்றது. வீட்டுக்குள் நுழைவதற்குள் சின்னவளின் போன். "அப்பா, எனக்காக. இன்னொரு தடவை அவரைச் சங்கடப்படுத்தாதீங்க" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலை அம்மா வாசலில் நின்று எதிர்வீட்டுக்காரரை வைதுகொண்டிருந்தாள். அவர் வீட்டுப் படியைத் தெருவுக்கு இழுத்துக் கட்டியதிலிருந்து ஸ்கூட்டர் போக வழியில்லையாம். "அவங்க படி வளர்ந்துக்கிட்டே போகுது, நம்ம தெரு சிறுத்துக்கிட்டே போகுது" என்றாள். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்றது. நடைமேடை! கூட்டம் தாங்காமல் அதைப் பிற்பாடு முற்றத்துப் பக்கம் ஒன்பது அடி இழுத்துக் கட்டினார்கள். அதற்கும் வரைபடம் போட்டவன் இந்த மடையன்தான். பழைய விளிம்பிலிருந்து அறுபத்திரண்டு என்றால் இப்போதைய விளிம்பிலிருந்து ஐம்பத்து மூன்று. நேற்றுப் போட்ட துளை கிணற்றுச் சுவரைத் தாண்டி இரண்டே அடி தள்ளி இறங்கியிருக்கிறது. நாலு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் நேற்றும்தான் நாலு தடவை போட்டேன். துளை போடுகிறவர்கள் நாளை மதியம் கிளம்புகிறார்கள். நாளை மறுநாள் கிரேன். சின்னவளுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். நீயாவது ஒரு வழி சொல்ல மாட்டாயா என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உன் பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்பது இவ்வளவு எழுதிய பிறகுதான் உறைக்கிறது.

வியாழக்கிழமை

மேலே எழுதியதை நிறுத்திவிட்டு அம்மாவிடம் சொன்னேன். மறுபடியும் தப்பாகிவிட்டால் எல்லோரும் சிரிப்பார்களே என்றேன். "சிரிச்சா பல்லு தெரியும், வேற என்ன ஆகும்? சட்டையை எடுத்து மாட்டுங்க" என்றாள். நேற்றுக் காலை அவளும் கூடவே வந்தாள், அந்த முழங்காலோடு. எங்களைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன். எதிர்வீட்டுப் படியிலிருந்து நடைமேடையின் ஒன்பது அடிவரை நான் குளறிக் குளறிச் சொல்லி முடிக்கும்வரை கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா குறுக்கிட்டு, "ஒரே ஒரு ஓட்டை, மாப்பிள்ளை. இதுலயும் இல்லேன்னா இவரை வீட்டுல நானே கட்டிப் போடுறேன்" என்றாள். மாப்பிள்ளை சுண்ணாம்பை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு மேலதிகாரியைக் கேட்காமலே மேஸ்திரிக்குக் கை காட்டினார்.

ஐம்பத்து மூன்று அடியில் இறக்கினார்கள். நாலடி மண். ஐந்தடி மண். மேஸ்திரி என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆறடியில் கல்லில் இடித்தது. நெருநெருவென்று அரைத்துக்கொண்டே போய், சட்டென்று துளை போடும் கம்பி யாரும் தள்ளாமல் தானாகவே சரசரவென்று உள்ளே போயிற்று. "பிடிடா! பிடிடா!" என்று மேஸ்திரி கத்தினார். இரண்டு பேர் தொங்கிப் பிடித்தார்கள். கம்பியை மேலே இழுத்ததும் நான் ஒரு கூழாங்கல்லைத் துளைக்குள் போட்டு எண்ணினேன். இரண்டு எண்ணியபோது தண்ணீர்ச் சத்தம் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. வாசலுக்கு வெளியே வந்து நின்றிருந்த கிரேனிலிருந்து அதை ஓட்டுகிறவர் இறங்கி வந்தார். கிரேனின் வலது கால் எங்கே நிற்பதாக இருந்தது என்று கேட்டார். மாப்பிள்ளை செருப்பு முனையால் காட்டினார், துளையிலிருந்து ஒரு முழம் தள்ளி. அந்த மனிதர் அங்கிருந்த செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டார். அம்மா தன் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினாள்.

இன்று கிரேன் உள்ளே வரவில்லை, கிணற்றைத் தூர்க்கும் வேலை தொடங்கிவிட்டது. காலையில் மாப்பிள்ளை அதே வரைபடத்தோடு வந்து, "மாமா, உங்க கையாலேயே திருத்திடுங்க" என்றார். பழைய சொல்லை அடித்துவிட்டு, கட்டத்துக்கு வெளியே கோடு இழுத்து, "தண்டவாளமும் கற்பலகையும் போட்டு மூடியிருந்தது. தூர்க்கப்படவில்லை. உள்ளே தண்ணீர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள், எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது. முதலிலேயே இரண்டு வரி எழுதியிருந்தால் இவ்வளவும் நடந்திராது. சின்னவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாக்கைக் காப்பாற்றவில்லை என்று வைவாள் என்று பார்த்தேன். "அக்காவுக்கு எழுதினீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

கண்ணாடி மாற்றச் சொல்லியிருந்தேனே, மாற்றினாயா? வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. உனக்கும் உன்னவருக்கும் குழந்தைகளுக்கும் ஒரு குறையும் வராது, எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. கேட்க மாட்டேன் என்று மேலே எழுதியவன் இப்போது கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மூடியாச்சு என்று எழுதினாயேம்மா, தூர்த்துவிட்டாயா, மேலே கல்லைப் போட்டிருக்கிறாயா? யோசித்து எழுது. ஒரே சொல்லில் மட்டும் எழுதிவிடாதே.

அன்புடன்,
அப்பா