பிளேடின் பல்லிடுக்கில் பச்சை

அன்பு மகன் காஸிக்கு, ஸ்ஃபாக்ஸிலிருந்து வாப்பா எழுதுவது. அல்லாஹ் கிருபையில் நானும் உம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், பிரான்ஸ் நாட்டு மார்செய்க் குளிரில் உன் உடம்பும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். பெருநாளுக்கு உம்மா கருவாடு ஊறப்போட்டுவிட்டாள், உன் பங்கைத் தனியாக எடுத்து வைப்பாள்.

நீ அனுப்பிய ரம்பப் பிளேடு வந்தது. மூன்று மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட்டுக்குப் பல் நெருக்கமாக இருந்தால்தான் ஓரம் சிதறாது, எண்பது பல் வாங்கு என்றேன். புதிதாக வாங்கி லுத்ஃபியிடம் கொடுத்தனுப்பினேன் என்றாய். பெட்டியைத் திறந்தால் பல்லிடுக்கெல்லாம் பச்சை அக்ரிலிக் உருகி ஒட்டிக்கிடந்தது. கப்பலில் கொண்டுவந்த லுத்ஃபிதான் மாற்றிவிட்டான் என்று அவன் கடைக்கே போய், காப்பி குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் முன்னால் திருடன் என்று சொல்லிவிட்டேன். "நான் எதுக்குய்யா மாத்தப்போறேன்? உம் புள்ள போர்டு பட்டறையில நின்னு அவன் கையாலதான் குடுத்தான். ரெண்டு வருசமா மருந்துக்கடை வாசல்ல மாட்டுற பச்சைச் சிலுவை போர்டு அறுத்துக்கிட்டு இருக்கான், ஒனக்கு மட்டுந்தான் தெரியாது" என்றான். காப்பி குடித்தவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் பிளேடை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் பட்டறையில் அறுத்த நாளிலிருந்தே பாதி அறுப்பில் தயங்கி நிறுத்துவது உன் வழக்கம், நிறுத்திய இடத்தில்தான் ஷீட் உருகிப் பல்லில் ஏறும். லுத்ஃபி சொல்லாமலே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருந்தாளர் படிப்பை நீ விட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், வெள்ளிக்கிழமை தோறும் போனில் பரீட்சை, மார்க்கு என்று எங்கள் காதில் பூச்சுற்றினாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தப் பிளேடை நான் எதற்குக் கேட்டேன் காஸி? உன் மருந்துக்கடைக்குப் பெயர்ப் பலகை அறுக்கத்தானே.

சுத்தம் செய்து லுத்ஃபியிடமே திருப்பி அனுப்புகிறேன், உன் வேலைக்கு வேண்டும். அதில் மரம் அறுக்காதே, ஷீட்டின் மேல்தாளை உரிக்காமல் அறு, கண்ணாடி போட்டுக்கொள், நடுவில் நிறுத்தாதே. அல்லாஹ் உன் கைவிரல்களைக் காக்கட்டும், நீண்ட ஆயுள் தரட்டும்.

உம்மாவிடம் நான் சொல்லவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை போனை அவளிடம்தான் கொடுப்பேன், நீயே சொல். உன் பலகைக்கு வாங்கிய பச்சை ஷீட்டை இன்று காலையும் துடைத்து வைத்தாள்.

உன் வாப்பா,
மோஞ்சி