மாட்டு ஆஸ்பத்திரியில் கறுப்பன்

புதன், இரவு.

"நாய்க்கு ஊசி போட டவுனுக்குத்தான் போவணும். அவ்ளோ துட்டு ஏது? ஞாயித்துக்கெழம ஆத்துக்கு அந்தாண்ட வுட்டுட்டு வந்துடறேன்" என்று அப்பா நேற்று சொன்னார்.

ஊர் மாட்டு ஆஸ்பத்திரியில் நாயையும் பார்ப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். காலையில் அப்பா வயலுக்குப் போனதும், கன்றுக்குட்டியின் கயிற்றில் எங்கள் நாய் கறுப்பனைக் கட்டி இழுத்துப் போனேன்.

அங்கே பசுவோடு நின்ற ஒரு அக்கா சிரித்தாள். "இன்னாடி, உங்க நாயி எவ்ளோ பால் கறக்குது?"

டாக்டர் சிரிக்கவில்லை. வெறிநாய் ஊசியை இலவசமாகவே போட்டார். ஊசிக்குப் பசு கத்தியது. கறுப்பன் கொட்டாவி விட்டான். நாய்க்கு வலிக்காதா?

"அடுத்த ஊசிக்கு அப்பாவோட வாம்மா" என்றார்.

கேட்காமல் போனதற்கு அடி விழும். காசு ஆகவில்லை என்பதை முதலில் சொன்னால், ஓங்கிய கை நின்றுவிடுமா? விடிந்ததும் சொல்லிப் பார்க்கிறேன்.