முயல், தேனீ, ஒட்டகம்

ஜூன் 9, திங்கள்

ஜெர்மனி சரக்குக்கான பேப்பர் எல்லாம் முடித்து அனுப்பினேன். மற்றபடி ஆபீஸில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நேற்று ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கிறிஸ்டினா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வயசுல உங்களுக்கு இன்னாக்கா கம்மி? கர்த்தர் துணை போதாதா?" என்றாள். கண்ணில் தண்ணீர் வேறு. ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

இன்று மதியம் சாப்பாட்டில் கை வைத்தபோதுதான் உறைத்தது. கிறிஸ்டினாவின் வீட்டுக்காரன் ரிச்சர்ட். எங்கள் தெருவுக்கு நெட் லைன் கொடுப்பவன், சபைக்கும் செயலாளர். நான் வீட்டுக் கம்ப்யூட்டரில் மறுமணத்துக்கான சைட் ஒன்றைப் பார்க்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு எப்படி?

எனக்கு நாற்பத்தெட்டு வயது. என் வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. நான் என்ன திருடினேனா?

ஜூன் 10, செவ்வாய்

எங்கள் ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவள் ஜஹீதா. அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை, அதற்கே அவளைப் பிடித்துப்போனது.

"சைட் பேரை நீங்க அடிச்சதும், அது எங்க இருக்குன்னு உங்க கம்ப்யூட்டர் யார்கிட்டயாவது கேக்கணும்க்கா. அதுக்குப் பேருதான் டி.என்.எஸ். உங்க வீட்டுல அது ரிச்சர்ட் கிட்டதான் கேக்குது. அதுவும் சத்தம் போட்டு."

நம்ப முடியவில்லை. ஒரு சோதனை வைத்துப் பார்க்கப் போகிறேன். சாயங்காலம் முழுக்க முயல் பண்ணை சைட்டாகத் திறந்து திறந்து மூடினேன்.

ஜூன் 15, ஞாயிறு

கிறிஸ்டினா: "இன்னாக்கா, முயல் வளக்கப் போறீங்களாமே?"

ஜூன் 16, திங்கள்

ரிச்சர்டையே நிறுத்திக் கேட்டேன். "லைன் சரியா ஓடுதான்னு பாக்கும்போது கண்ணுல படுது, அவ்ளோதான்க்கா. நம்ம சபை ஜனங்க நல்லதுக்குத்தான்" என்றான். என் நல்லது! என் நல்லதுக்கு இவன் யாரு காவல்? அதுவும் நான் மாசா மாசம் கட்டுற காசுல!

வேறு லைன் போட்டுக்கொள்ளலாம் என்றால் இந்தத் தெருவுக்கு அவனை விட்டால் ஆள் இல்லை. போனில் சிக்னல் மொட்டை மாடிக்குப் போனால்தான்.

அந்த சைட்டில் ஐசக் என்று ஒருவர் எனக்கு எழுதியிருப்பதாக மெயில் வந்திருக்கிறது. ஆற்காட்டில் கணக்கு வாத்தியார், மனைவியை இழந்தவர். பதில் போட வேண்டுமானால் மறுபடி அந்த சைட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் கிறிஸ்டினாவின் கண்ணீர். அதைக்கூடத் துடைத்துவிட்டுப் போய்விடலாம். சென்னையில் நர்ஸாக இருக்கிற என் மகள் இவாஞ்சலினுக்கு இந்த விஷயம் என் வாயால்தான் போக வேண்டும். ரிச்சர்ட் வாயால் போகக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

ஜூன் 18, புதன்

ஜஹீதா சொல்லச் சொல்ல எழுதி வந்ததை வைத்து நானே செய்தேன். செட்டிங்ஸ், நெட்வொர்க், அதற்குள் டி.என்.எஸ். 'தானாக' என்று இருந்ததை 'கையால்' என்று மாற்றினேன். ரிச்சர்டை விட்டுவிட்டு வெளியே கேட்க வேண்டிய இடத்தின் எண்ணாக ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று என்று கொடுத்தேன். அதற்குக் கீழே 'டி.என்.எஸ் ஓவர் எச்.டி.டி.பி.எஸ்' என்பதை ஆன் செய்தேன். இனிமேல் என் கம்ப்யூட்டர் கேட்கும் கேள்வி உறையில் போட்டு ஒட்டித்தான் போகும். ரிச்சர்ட் வழியாகப் போனாலும் பிரித்துப் படிக்க முடியாது.

சோதனைக்குத் தேனீ வளர்ப்பு.

ஜூன் 22, ஞாயிறு

"தேனீ கொட்டாதாக்கா?"

சீ!

ஜூன் 23, திங்கள்

ஜஹீதா என் திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தாள். "எல்லாம் கரெக்ட். இந்த ஒண்ணை மட்டும் ஆன்ல விட்டுட்டீங்க." பூட்டிய வழியில் போக முடியாவிட்டால் பழைய திறந்த வழியிலேயே போய்க்கொள், என்று அனுமதி கொடுக்கிற பட்டன். ஒன்றுகள் எங்கள் லைனில் ஓடவில்லை போலிருக்கிறது. கம்ப்யூட்டரும் சண்டை போடாமல் ரிச்சர்டிடமே போய்க் கேட்டிருக்கிறது.

என்னைப் போலவேதான். ஆறு வருடமாக யாராவது முகம் சுளித்தால் சரி என்று திரும்பி வந்துகொண்டுதானே இருந்தேன்?

பட்டனை அணைத்தேன். ஒரு சைட்டும் திறக்கவில்லை. ஒன்றுகளை எடுத்துவிட்டு, ஜஹீதா சொன்ன இன்னொரு இடத்தின் எண்ணாக ஒன்பதை நான்கு முறை போட்டேன். திறந்தது! தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

"இது எல்லாத்தையும் மறைச்சுடாதுக்கா" என்றும் ஜஹீதா சொன்னாள். பெரிய ஆட்கள் முனைந்தால் வேறு வழிகளில் கண்டுபிடிக்கலாமாம். எனக்குப் பெரிய ஆட்களோடு சண்டை இல்லை. ரிச்சர்ட் பார்ப்பது இந்த ஒரு ஜன்னல் வழியாகத்தான்.

இந்த முறை ஒட்டகம்.

ஜூன் 29, ஞாயிறு

கிறிஸ்டினா வந்தாள், நின்றாள், வெயிலைப் பற்றிப் பேசினாள். ஒட்டகம் இல்லை. பாவம், கேட்க ஒன்றும் இல்லாமல் தவித்துப்போனாள். வாசலில் ரிச்சர்ட், "அக்கா, உங்க வீட்டுல நெட் ஓடலையா?"

"ஜோரா ஓடுது தம்பி."

வீட்டுக்கு வந்ததும் ஐசக்குக்குப் பதில் போட்டேன். நிதானமாக, ஒரு பக்கம்.

ஜூலை 19, சனி

ஆற்காடு போய் வந்தேன். அவர் சிரிக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார். ஏன் என்று கேட்கவில்லை. அந்த ஊர் இனிப்பு மக்கன் பேடா இரண்டு சாப்பிட்டேன், எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதை மறந்து. பிடித்திருக்கிறது. பேடாவை மட்டும் சொல்லவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

இவாஞ்சலினுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரிச்சர்ட் அங்கிள் ஜூன்லயே போன் பண்ணி சொல்லிட்டாரும்மா."

உடம்பெல்லாம் எரிந்தது. "அப்போ ஏன்டி நீ ஒண்ணும் கேக்கல?"

"அவரு சொன்னது அவரு சொன்னது. நீ எப்போ சொல்வேன்னு காத்துட்டிருந்தேன். சொல்லு, ஆளு எப்படி?"

அழுதேன். பிறகு மூக்குக்கண்ணாடி விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எங்கள் சபையில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு எல்லார் முன்னாலும் அறிவிக்க வேண்டும். வாசிப்பது செயலாளர். போதகர், "வேணும்னா நானே வாசிச்சுடறேன்மா, உங்களுக்கு சங்கடமா இருக்கும்" என்றார்.

"வேண்டாம் ஐயா. ரிச்சர்டே வாசிக்கட்டும்."

எப்போதும் தூண் ஓரம் உட்காருகிறவள், இன்று முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இவாஞ்சலின். ரிச்சர்ட் தாளைப் பிரித்தான், பெயரைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான். ஐசக்கின் பெயரையும் ஊரையும் அப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறான். மெதுவாக ஆரம்பித்தான். பின்னால் யாரோ, "மைக்கைக் கிட்ட வச்சுப் படிப்பா, கேக்கல" என்றார்கள். முதலிலிருந்து படித்தான். ஜெயபுஷ்பம் என்கிற என் பெயர் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

'ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம்' என்ற இடத்தில் தலையைத் தூக்கினான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாளைக் கீழே வைத்தான்.

வெளியே கிறிஸ்டினா ஓடி வந்தாள். "இன்னாக்கா நீங்க, ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே!"

"இப்போ சொல்லிட்டேனே" என்றேன்.

இன்னும் இரண்டு ஞாயிறு அவன் வாசிக்க வேண்டும்.