உன் முகம் போட்ட டி-சர்ட்

நேற்று மாலை உன் முகம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மடிந்து என் வீட்டுக்கு வந்தது. வெள்ளை டி-சர்ட். உறையைக் கிழித்ததும் புது அச்சு மையின் நெடி மூக்கில் ஏறியது. மார்புப் பக்கத்தில் நீ சிரிக்கிறாய். கீழே உன் நினைவாகத் தூய்மை நடை என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது. தமிழில் இல்லை. வரும் ஞாயிறு காலை பூங்கா வாசலில் கூடி, குப்பை பொறுக்கிக்கொண்டே நடந்து, ஜீவனஹள்ளியில் உன் தெருமுனையில் முடிக்கிறார்களாம்.

அந்தப் படம் நீ உயிரோடு இருந்தபோது முன்னால் நடந்த முதல் நடை அன்று காலையில் எடுத்தது. அதற்குப் பிறகு நீ சிரிக்கவே இல்லை என்று எழுதினால், "நிருபர் புத்தி, கொஞ்சம் மசாலா சேர்த்தாச்சு" என்பாய். ஆகவே சரியாகவே எழுதுகிறேன். அந்தத் தெருமுனையைப் பற்றிப் பேசும்போது நீ சிரித்தது அன்றுதான் கடைசி.

நான் தமிழ் நாளிதழுக்காக மாநகராட்சிச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். நீ வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, உன் தெருமுனையில் பழைய மதிலை ஒட்டிய குப்பைமேட்டோடு மல்லுக்கட்டத் தொடங்கியிருந்தாய். ஒருநாள் கையுறையோடு ஒரு காகிதப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாய். "இங்க பாரு குரு, குப்பை பிரச்சினை தீரும்னு நீ எழுதின நியூஸ். உள்ள மீன் முள்ளு. உனக்கும் வாசகர்கள் இருக்காங்கப்பா."

இந்த ஊரில் குப்பை கொட்டும் இடத்தைச் சுத்தம் செய்ததும் அங்கே கோலம் போட்டு, இரண்டு பூந்தொட்டி வைத்துவிடுவார்கள். கோலத்தின் மேல் கொட்ட யாருக்கும் கை வராது என்று நம்பிக்கை. ஓரிரு நாளில் கை வந்துவிடும். நீ கோலத்தில் தொடங்கவில்லை. வீடு வீடாகப் போய் ஏன் மூலையில் வீசுகிறீர்கள் என்று கேட்டாய். கசா வண்டி, அதாவது மாநகராட்சிக் குப்பை வண்டி, வரும் நேரத்தில் பாதி வீடுகளில் ஆள் இல்லை, எல்லோரும் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள் என்று தெரிந்தது. வீட்டில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டுப் பையையும் வாங்கிவைத்து வண்டியில் கொடுப்பது என்று ஏற்பாடு செய்தாய். அது நிலைத்த பிறகுதான் கோலத்துக்கு வந்தாய்.

யாரோ சாமி படம் பதித்த ஓடுகளை மதிலில் ஒட்டலாம் என்றார்கள். நம் பங்குக் கோயில்காரர் ஒருவர் சிலுவையும் சேர்க்கலாம் என்றார். "சாமியை எதுக்குய்யா குப்பைக்கு வாட்ச்மேன் ஆக்கறீங்க?" என்று இரண்டையும் மறுத்தாய்.

எதிர்வீட்டு சாந்தி, துணிக் கம்பெனியில் தையல் வேலை செய்பவள், உன்னை நேராகக் கேட்டாள். "அண்ணா, விடியறதுக்கு முன்ன எழுந்து கோலம் போட்டுட்டுதான் நான் கம்பெனி வேன் புடிக்கணும். திரும்பக் கொட்ட மாட்டாங்கன்னு கேரண்டி குடுப்பீங்களா?"

"நான் கேரண்டிம்மா."

முறைவைத்துப் பெண்கள் கோலம் போட்டார்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் அந்த மூலை சுத்தமாக இருந்தது. இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அப்போதுதான் பூங்காப் பக்கத்துக் குடியிருப்போர் உன்னைத் தேடி வந்தார்கள். ஞாயிறு காலை இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு நடை, நீங்கள்தான் முன்னால் நடக்க வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டி வராது, சனிக்கிழமை வையுங்கள் என்றாய். அவர்களுக்கு அது புதுச் செய்தி. அந்த வீடுகளில் குப்பைப் பையை வண்டியில் கொடுப்பது வேலைக்கு வரும் பெண்கள். எந்தக் கிழமை வண்டி வராது என்பது வீட்டுக்காரர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இருந்ததில்லை. "லாரிக்குச் சொல்லிட்டோம் சார்" என்றார்கள். நம்பினாய்.

நடை நன்றாகத்தான் போனது. வழியெல்லாம் பொறுக்கிய குப்பை கறுப்பு மூட்டைகளில் சேர்ந்தது. உன்னை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். லாரி வரவில்லை. மூட்டைகளை உன் தெருமுனையில், கோலத்தின் மேலேயே அடுக்கினார்கள். "இங்கதானே எப்பவும் குப்பை இருக்கும்" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. உன் காதிலும் விழுந்தது. பிறகு அவர்கள் சிற்றுண்டிக்குப் பூங்காவுக்குத் திரும்பிவிட்டார்கள்.

இரவு மழை. நாய்கள் மூட்டைகளைக் கிழித்தன. விடிந்ததும் நீ ஒரு சரக்கு ஆட்டோ பிடித்தாய். நாம் இரண்டு பேரும் ஏற்றினோம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பூங்கா வாசல்ல கொண்டுபோய் இறக்குடா. அவங்களும் மோந்து பாக்கட்டும்" என்றேன்.

"அங்க யாரு பெருக்கறாங்க தெரியுமா? நம்ம தெருக் கடைசி வீட்டு அம்மாதான். அந்தம்மாவுக்கா தண்டனை குடுக்கற?"

வார்டு குப்பைக் கொட்டகைக்குப் போனோம். ஈரமும் காய்ந்ததும் கலந்திருந்தால் எடுக்க மாட்டோம் என்றார்கள். வாசலில் உட்கார்ந்து நீயும் நானும் பிரித்தோம். நாம் திரும்பி வருவதற்குள் மூலையில் புதிதாக ஐந்தாறு பைகள் கிடந்தன. உன் தெருக்காரர்களின் பைகள். ஒருமுறை அங்கே குப்பையைப் பார்த்ததும் கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது.

சாந்தி உன்னைத் திட்டவில்லை. "உங்க வார்த்தைய நம்பித்தானேண்ணா போட்டோம்" என்றாள். அதன்பின் அங்கே அவள் கோலம் போடவில்லை. யாரும் போடவில்லை. நீ மறுபடியும் கதவு தட்டினாய். தேநீர் கொடுத்தார்கள், நலம் விசாரித்தார்கள், வாக்கு மட்டும் கொடுக்கவில்லை. பூங்காப் பக்கத்துக்காரர்கள் உனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள்.

நீ இறந்தபோது உன் சவப்பெட்டி அந்த மூலையைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போனது. பின்னால் வந்த நாங்கள் கைக்குட்டையை எடுத்துக்கொண்டோம். சுமந்தவர்களுக்கு மூக்கைப் பொத்தக் கை இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாக நடந்தார்கள். உன்னைச் சுமந்தவர்கள் உன் தெருவில் ஓட வேண்டியிருந்தது. இதை நான் மன்னிக்கப் போவதில்லை.

இன்று காலை நடையின் ஏற்பாட்டாளருக்குப் போன் செய்தேன். இளைஞர், மரியாதையாகப் பேசினார். நீ கேட்டிருக்கக்கூடிய ஒன்றைத்தான் கேட்டேன். "மூட்டைங்க எங்க போகும் தம்பி?"

"லாரிக்குச் சொல்லியிருக்கோம் சார்."

"ஞாயித்துக்கிழமை லாரி வருமா?"

"சார், இது மெமோரியல் ப்ரோக்ராம். கொஞ்சம் பாசிட்டிவா இருப்போமே."

மாலையில் சட்டை போட்டுக்கொண்டு ஜீவனஹள்ளிக்குப் போனேன். அந்த டி-சர்ட்டை அல்ல, என் சட்டையை. வேலை முடிந்து வந்திருந்த சாந்தி, வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மூலையில் இரண்டு நாற்காலி போட்டு நாம் உட்கார்ந்துகொள்வோம், ஒரு மூட்டைகூட இறங்கக் கூடாது என்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "நான் வரேண்ணா. வாய் எனக்கும் இருக்கு. ஆனா எல்லாரும் அண்ணன் படம் போட்ட பனியனோட வந்து நிப்பாங்களே. அந்த முகத்தப் பாத்துட்டு எப்படிண்ணா திட்டறது?"

நீ போன பிறகு உன்னிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த ஒரு கேள்விதான். மூட்டை எங்கே போகும்? எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அதைக் கேட்கிறேன். இப்போதெல்லாம் யாரும் என்னைக் கூட்டங்களுக்கு அழைப்பதில்லை.

சாந்தியிடம் சொன்னேன்: "நீ நாற்காலி மட்டும் போடும்மா. திட்டறத நான் பாத்துக்கறேன். காலேஜ் நாள்லேருந்து அந்த மூஞ்சியப் பாத்துத் திட்டிப் பழகினவன் நான்."