கூரையில் விழுந்த நெருப்பு

குனுங்கிதுல்,
14 செப்டம்பர் 2019

அன்பு அண்ணா பைமினுக்கு, தங்கை வார்சினியின் சலாம்.

நீ வேலை பார்க்கும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் போன் எடுக்காததால் பேனாவைப் பிடித்திருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், சிரிக்காதே. முதுகுவலி தேவலையா? நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆசை.

போன வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் கூரைமேல் நெருப்புப் பந்து விழுந்ததாம். நான் பார்க்கவில்லை, ஊரே பார்த்திருக்கிறது. அது விழுந்த வீட்டில் ஒருவர் தன்னையே மாய்த்துக்கொள்வார் என்று அப்பா அப்படிப் போனபோதும் சொன்னார்களே, அதே பேச்சு. அன்றிலிருந்து எங்கள் வாசலை யாரும் மிதிப்பதில்லை. உன் மாப்பிள்ளை எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

இவரும் நம்பிவிட்டார். "விதிச்சது நடக்கும் சினி, நீ பிள்ளையப் பாத்துக்கோ" என்கிறார். இவரை விட்டு நகரவே பயமாயிருக்கிறது அண்ணா.

மழை பொய்த்து, லாரித் தண்ணீருக்காகப் பசுவை விற்றதிலிருந்தே இவர் இவராக இல்லை. மரவள்ளியும் காய்ந்துபோனது. அரசு உதவிக்கு எங்கள் பெயர் வந்தது. ஆனால் வாங்குகிற வீட்டுச் சுவரில் "ஏழைக் குடும்பம்" என்று பெயிண்டில் எழுதுகிறார்கள். எழுத வந்தவர்களை இவர் துரத்திவிட்டார். "சுவத்துல எதுக்கு? என் நெத்தியிலயே எழுதிட்டுப் போங்கடா!" என்று கத்தினார். அதுதான் இவர் கடைசியாகச் சத்தம் போட்டது.

மிச்சமிருக்கும் ஆட்டை விற்றுப் பரிகாரம் செய்யச் சொல்கிறார்கள். செய்யட்டுமா?

உன் தங்கை,
வார்சினி


காளிமந்தான்,
2 அக்டோபர் 2019

அன்புத் தங்கை சினிக்கு, அலைக்கும் சலாம்.

ஆட்டின்மேல் கை வைத்தாயோ, கப்பலேறி வந்து உதைப்பேன்.

அப்பா போனபோது எல்லாரும் வானத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த வருஷம் கிணறு வற்றியதையும், அவர் வீடு வீடாகக் கடன் கேட்டு வெறுங்கையோடு திரும்பியதையும் ஒருத்தரும் பேசவில்லை. அத்தனை தூரத்தில் நெருப்பு தெரிந்தவர்களுக்குப் பக்கத்திலிருந்த மனுஷன் முகம் தெரியவில்லை. 

உதவிப் பணம் வீட்டுப் பெண்ணின் பெயரில்தான் வரும். கையெழுத்து உன்னுடையது, போய்ப் போடு. சுவரில் எழுதட்டும். மாப்பிள்ளை கோபப்பட்டால் படட்டும், கோபப்படுகிற மனுஷன் உயிரோடு இருக்கிறான்.

அவரைத் தனியே விடாதே. சுற்றி வளைக்காமல், "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, உள்ளே இருப்பதுதான் வெளியே வரும். பிறகு சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போ. என் கையில் இருந்த பணத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

அண்ணன்,
பைமின்


குனுங்கிதுல்,
20 ஜனவரி 2020

அன்பு அண்ணாவுக்கு,

பதில் போடாமல் உன்னைத் தவிக்க விட்டுவிட்டேன், திட்டாதே. ஆடு பத்திரமாக இருக்கிறது.

நான் கையெழுத்துப் போட்டேன். சுவரில் எழுதினார்கள். இவர் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். நானும் விடவில்லை, நீ சொன்னபடியே கேட்டேன்.  "தெனமும் தோணுது சினி. நான் போயிட்டா ஒரு வாய் மிச்சம்தானே" என்றவர், குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன். மறுநாளே சுகாதார நிலையத்துக்குப் போனோம். அந்த நர்ஸம்மா இப்போதும் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.

பணம் வர ஆரம்பித்ததும் அரிசி வந்தது, தண்ணீர் வந்தது. பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான். உதவி வாங்கும் பெண்களின் கூட்டம் மாதமொரு வீட்டில் நடக்கும். எங்கள் முறை வந்தபோது, "நெருப்பு விழுந்த வீடாச்சே" என்று இழுத்தார்கள். கூட்டம் நடத்தும் சுலாஸ்மி அக்கா, "பயமா இருந்தா வெளிய நில்லுங்கடி, டீ எனக்கு மிச்சம்" என்று முதல் ஆளாக உள்ளே வந்து உட்கார்ந்தாள். பின்னாலேயே எல்லாரும் வந்துவிட்டார்கள். இவரே டீ கொடுத்தார். "ஊர்லயே என் வீட்டுலதான் பெரிய எழுத்து, பாத்தீங்களா?" என்று இவர் கேட்டதும் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மழை பெய்ததும் மரவள்ளி நட்டோம்.

இன்று காலையில் மலையடி சுகிமான் வீட்டில் நெருப்பு விழுந்ததாகப் பேச்சு. ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கள் அரிசியில் பாதியைத் துணியில் கட்டினார். "எங்க போறீங்க?" என்றேன்.

"எல்லாரும் அவன் கூரையப் பாத்தாங்க. அடுப்பு எரியுதான்னு யாராவது போய்ப் பாத்தாங்களா?" என்றார்.

சுகிமானுக்கு மனசு தெளிகிறவரை அங்கேயே இருக்கப்போகிறாராம். பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாக வந்த நம் பிள்ளையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

உன் தங்கை,
வார்சினி