உன் பாட்டு திக்கும் இடம்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தம்பி மூன்று பேருக்கும் உடம்புக்குப் புதிதாக ஒரு குறையும் இல்லை, மனசைப் பற்றிக் கேட்காதே, அதைச் சொல்லத்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, சுகமாக இருக்கிறாய் என்ற நினைப்பிலேயே எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போன் என்றால் நான் இரண்டாவது வாக்கியத்திலேயே கத்திவிடுவேன், உன் அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு அப்பாவுக்குப் பிரஷர் என்று சொல்லி வைத்துவிடுவாள், சொல்ல வந்தது சொல்லாமலே போகும். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, கடையிலிருந்து மாடிக்கு ஏறும்போது படிக்கு ஒரு வசவு எனக்கு விழுகிறது, படி கட்டினவன் நான் இல்லை என்றால் கேட்பதில்லை. கடையில் என் நாற்காலியின் தலை சாய்க்கிற இரும்பு மறுபடியும் ஆடுகிறது. தம்பியின் நாற்காலிக்குத்தான் கூட்டம். என் நாற்காலி காலியாக இருந்தாலும், பரவாயில்லண்ணே, மௌனசாமி கிட்டயே வெட்டிக்கிறேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் பேசிப் பேசிக் கழுத்தை அறுக்கிறேனாம், கத்தி பிடிக்கிறவனைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா அது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ரேடியோவில் ஒரு நிகழ்ச்சி, ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு அதன் வேர் எங்கெங்கே ஓடுகிறது என்று தோண்டுவார்கள், அன்றைக்கு எடுத்தது உன் பாட்டை. என் நாற்காலியில் கணக்கு வாத்தியார் முகமெல்லாம் நுரையோடு, தம்பி நாற்காலியில் பஸ் டிரைவர், பெஞ்சில் நாலைந்து பேர். நிகழ்ச்சி நடத்துகிறவரோடு இரண்டு நிபுணர்கள், ஒருவர் கல்லூரியில் இசை சொல்லித்தருகிறவராம், இன்னொருவர் ஒலிப்பதிவுக்காரராம், அவர் வாயைத் திறந்தாலே ஆக்சுவலி என்றுதான் வந்தது. அடியில் ஓடுகிற கனத்த தாளம் எங்கோ தீவுக்காரர்கள் ஆடுகிற பாட்டிலிருந்து வந்ததாம், மேலே வருகிற வயலின் கச்சேரி மேடையிலிருந்து, ஊதுகுழல் பட்டாளத்து பேண்டிலிருந்து. நடுவில் திடீரென்று எல்லாம் அறுந்து வேறு ஏதோ பாட்டு மாதிரித் தொடங்குகிறதே, அது இதுவரை யாருமே துணியாத புது வடிவமாம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என் நாற்காலியில் யார் உட்கார்கிறாரோ அவர் கேட்கிற ஸ்டேஷன்தான் ஓடும் என்பது நான் கடை திறந்த நாளிலிருந்து வைத்த சட்டம். டிரைவர் உட்கார்ந்தால் குத்துப்பாட்டு, அவர் எழுந்து வாத்தியார் உட்கார்ந்தால் பாதிப் பாட்டில் திருகிக் கச்சேரி, தபால்காரர் வந்தால் சோகப் பாட்டு, பென்ஷன் வாங்குகிற பட்டாளத்துக்காரர் வந்தால் பேண்டு. பெஞ்சின் மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு, ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்காமலே வளர்ந்தவள் நீ. அது புது வடிவமும் இல்லை பழைய வடிவமும் இல்லை, டிரைவருக்கு ஷேவிங் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். இதை நான் சொன்னதும் கடையே சிரித்தது, வாத்தியார் சிரித்து நுரை வாய்க்குள் போய்விட்டது. பெருமையாகத்தான் இருந்தது பாப்பா, மறைப்பானேன்.

அப்புறம்தான் அந்த இடத்துக்கு வந்தார்கள். பல்லவி தொடங்கும் முன்னால் நீ அ, அ, அ என்று மூன்று தரம் முட்டி நிற்கிறாயே, பிறகு வெறும் கையால் தட்டுகிற மாதிரி டப் டப் என்று இரண்டு, பிறகு ஒன்றுமே இல்லாத ஓர் அமைதி, அதற்கப்புறம் அருகே வா என்று பாட்டு உடைத்துக்கொண்டு வருகிறதே, அந்த இடம். உண்மையைச் சொன்னால் முதல் தடவை அந்தப் பாட்டு ஓடினபோது ரேடியோதான் சிக்கிக்கொண்டது என்று அதன் தலையில் நாலு போட்டவன் நான், பிறகு கைவேலையில் அதைக் காதில் வாங்கினதே இல்லை. அன்றைக்கு அவர்கள் வாத்தியம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு உன் குரலை மட்டும் தனியாகப் போட்டார்கள். கல்லூரிக்காரர் சொல்கிறார், இது மலையில் ஆடு மேய்க்கிறவர்கள் பள்ளத்தாக்கைத் தாண்டிக் கூப்பிடுகிற முறை, குரலை உடைத்து உடைத்து அனுப்புவார்களாம். மற்றவர் ஆக்சுவலி இது கம்ப்யூட்டரில் நறுக்கினது என்கிறார். இரண்டு பேருக்கும் பெரிய வாக்குவாதம். எனக்கோ கை அப்படியே நின்றுவிட்டது. மலையாவது ஆடாவது, அது உன் தம்பி. சின்ன வயசில் உன்னை அக்கா என்று கூப்பிட வந்து முட்டி நிற்பானே, அதே அ. பேச்சுப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா சொல்லித்தந்தபடி தொடையில் தட்டுவானே, அதே தட்டு. பெற்றவனுக்குத் தெரியாதா. வாத்தியாரின் கழுத்தில் கத்தியை வைத்தபடி நான் சிலையாக நிற்கிறேன், மூச்சு விடப் பயந்து அவர் கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்க்கிறார், பாவம் மனுஷன். கண்ணாடியில் தம்பியைப் பார்த்தேன். டிரைவரின் காதுக்குப் பின்னால் கத்தரியைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தான், முகத்தில் ரத்தமே இல்லை. அவனுக்கும் தெரிந்துவிட்டது. நிகழ்ச்சிக்காரர் கடைசியில் சொன்னார், இது எங்கிருந்து வந்தது என்று பாடகியிடமே கேட்டோம், அது தானா வந்தது என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார் என்று. தானாக வந்ததா பாப்பா?

மத்தியானம் மாடிக்குப் போய் உன் அம்மாவிடம் சொன்னால், அவள் துணி மடிக்கிற கையைக்கூட நிறுத்தாமல், எனக்கு முதல் நாளே தெரியுமே, சொன்னா நீங்க குதிப்பீங்க, அதான் சொல்லல என்கிறாள். இது எனக்கு அடுத்த அடி. குதிக்காமல் என்ன செய்ய? பள்ளிக்கூட வாசலில் அவனை மாதிரியே திக்கிப் பேசிக் காட்டினவன் மண்டையில் சாப்பாட்டு டப்பாவை இறக்கிவிட்டு வந்தவள் நீ, அதற்காக ஹெட்மாஸ்டர் அறையில் கைகட்டி நின்றவன் நான். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தாலும் உள்ளுக்குள் என் பெண்ணைப் போல உண்டா என்றுதான் இருந்தது. அதே நீ இன்றைக்கு மேடை ஏறி, விளக்குப் போட்டு, அவனை மாதிரியே திக்கிக் காட்டிக் கைதட்டு வாங்குகிறாய் என்றால் வேலியே பயிரை மேய்ந்த கதை இல்லாமல் வேறென்ன. அவன் அன்றைக்குச் சாப்பிட வரவில்லை, கடைக்குள்ளேயே இருந்து எல்லாக் கத்தரிக்கும் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். உனக்கு நான் எழுத நினைத்த கடிதம் வேறு, அதில் உனக்கு அப்பா இல்லை என்ற வரிகூட இருந்தது, கிழித்துவிட்டேன்.

ஏன் கிழித்தேன் என்று கேள். மறுநாள் அதே ரேடியோவில் ஒரு போட்டி வைத்தார்கள், உன் பாட்டில் அந்த இடத்தைப் போனில் செய்து காட்ட வேண்டுமாம். யார் யாரோ கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திக்கினார்கள், எனக்கு ரேடியோவைத் தூக்கிச் சாக்கடையில் போடலாமா என்றிருந்தது. பார்த்தால் உன் தம்பி கடைப் போனைக் கையில் எடுக்கிறான். பிளேடு தீர்ந்துபோனால்கூடப் போன் பேசப் பயந்து வெயிலில் நடந்தே போய் வாங்கிவருகிறவன். கொஞ்ச நேரத்தில் அவன் குரல் ரேடியோவிலிருந்து வருகிறது, நா, நா, நான் என்று. அ, அ, அது நான்தான் என்று சொல்ல வருகிறான், தொடையில் தட்டுகிறான், அந்தத் தட்டுகூட ரேடியோவில் கேட்டது. அதற்குள் அந்த நிகழ்ச்சிக்காரர், அடடா, என்னா இயல்பா செய்றீங்க, அப்படியே பாடகியே பேசற மாதிரி இருக்கு, கலக்கிட்டீங்க சார், உங்களுக்கு ஒரு தொப்பி பரிசு என்று சொல்லி, கைதட்டல் சத்தம் போட்டு, அவன் பேச்சின் மேலேயே உன் பாட்டைப் போட்டுவிட்டார். கேட்டாயா இந்த அநியாயத்தை, அவனையே பார்த்து அவனை மாதிரி நன்றாகச் செய்கிறாய் என்கிறார்கள். அவன் போனை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் இரண்டும் குலுங்குகிறது. ஓடிப்போய்ப் பிடித்தேன். அழவில்லை பாப்பா, சிரிக்கிறான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, தொ, தொ, தொப்பியாம்பா என்று சிரிக்கிறான். பைத்தியம் கியித்தியம் பிடித்துவிட்டதா என்று நான் பயந்தே போனேன்.

பிறகு கடைக் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பிடித்து என் நாற்காலியிலேயே உட்கார வைத்தான். எத்தனையோ தலையைச் சாய்த்த நாற்காலி, நான் உட்கார்ந்தது கிடையாது. அவன் பேசினான். இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் பேசினதை எல்லாம் சேர்த்தாலும் அன்றைக்குப் பேசின அளவு வராது. அவன் திக்கினதை எல்லாம் நான் இங்கே எழுதவில்லை, ஆனால் சொல்லி முடிக்க நெடுநேரம் ஆயிற்று, நடுவில் நான் வார்த்தை எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தபோதெல்லாம் கையிலிருந்த சீப்பைத் தூக்கி என்னை நிறுத்தினான். அவன் சொன்னது இதுதான். அப்பா, நான் திக்கினா நீங்க, அம்மா, கஸ்டமர், கடைத்தெருவுல இருக்கறவங்க எல்லாரும் வார்த்தைய முடிச்சுக் குடுத்துடுவீங்க, பாவம்னு நெனச்சுதான் செய்றீங்க, தெரியும். அக்கா மட்டும் ஒரு நாளும் குடுத்ததில்ல. வார்த்தை வர்ற வரைக்கும் என் மூஞ்சியப் பாத்துட்டு சும்மா நிப்பா. பாட்டுல தட்டுக்கு அப்புறம் ஒரு அமைதி வருதே, அது நான் இல்லப்பா, அது அக்கா. இப்படிச் சொல்லிவிட்டுப் போனில் ஒரு வீடியோ காட்டினான். நீ மேடையில் நிற்கிறாய், எதிரே தலை தலையாய் ஜனம், நீ முட்டுகிறாய், தட்டுகிறாய், நிற்கிறாய். அத்தனை கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இத்தனை பேர்ல ஒருத்தராவது முடிச்சுக் குடுத்தாங்களா பாருங்க என்கிறான். ஒருத்தரும் கொடுக்கவில்லை. அவன் பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில் இருக்கிறேன், அவனுக்கு இது ஒரு குறை என்று எனக்குத் தெரியும், ஒரு தனிமை என்று தெரியாது.

ஆனால் ஒன்று, நீ தப்பித்துவிட்டாய் என்று நினைக்காதே. கடைசியில் அவன் சொன்னான், ஆனா அக்கா கேட்டிருக்கலாம், கேட்டிருந்தா நான் ம்னு சொல்லியிருப்பேன், அதுக்கு எனக்கு வாயே தொறக்க வேண்டியதில்ல என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னான், எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. பேர் வாங்கினால் போதாது, யாரிடமிருந்து எடுத்தோமோ அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும், இதை முடிவெட்டுகிற நான் உனக்குச் சொல்லும்படி வைத்துவிட்டாயே. இன்னொரு விஷயமும் உண்டு. நீ வளர்ந்த இடத்தைப் படம் பிடிக்க டிவிக்காரர்கள் அடுத்த வாரம் கடைக்கு வருகிறார்கள். நான் வேண்டாம் என்று விரட்டத்தான் இருந்தேன், அவன்தான், வரட்டும், அந்த இடம் எங்கேருந்து வந்ததுன்னு நானே சொல்றேன் என்கிறான். அதற்கு டிவியிலிருந்து பேசின பெண் போனில் என்ன சொன்னாள் தெரியுமா, ஒண்ணும் பயப்படாதீங்க, திக்கறதெல்லாம் கட் பண்ணி நாங்க அழகா ஆக்கிடுவோம் என்றாள். கேட்டதும் எனக்கு வந்த கோபத்துக்குப் பக்கத்தில் இருந்த பவுடர் டப்பா பறந்தது. வெட்டுகிற தொழில் எங்களுடையது அம்மா, எதை வெட்டக் கூடாது என்று எங்களுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன், ஆனால் என் பேச்சை யார் கேட்கிறார்கள். நீ சொன்னால் கேட்பார்கள். உன் மேனேஜரை விட்டுச் சொல்லாமல் நீயே கூப்பிட்டுச் சொல், என் தம்பி பேசும்போது ஓர் இடத்தில்கூட வெட்டக் கூடாது, எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று. இதற்கு மேல் உன்னிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா கிட்டே வந்து நின்று, ராத்திரி கண் விழிக்காதே, தொண்டைக்கு ஐஸ் தண்ணீர் ஆகாது, கூட இருக்கிற எல்லாரையும் நம்பிவிடாதே என்று எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, இதையும் சொல்லிவைக்கிறேன், இல்லாவிட்டால் முழுக்கத் திட்டினேன் என்பாய். நூறு வயசு நோய்நொடி இல்லாமல், போகிற இடமெல்லாம் பேர் சொல்லும்படி இரு, எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உன்னோடு இருக்கும். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை போன் செய். நீ அந்த ஊருக்குப் போனதிலிருந்து தம்பி உன்னோடு போனில் பேசினதே இல்லை, அம்மாதான் இங்கேயும் அங்கேயும் வார்த்தையைச் சுமந்துகொண்டிருந்தாள். இந்த ஞாயிறு அவனே எடுக்கிறானாம், எங்கள் இரண்டு பேரையும் மாடிக்குப் போய்விடச் சொல்லியிருக்கிறான். எடுத்ததும் ஒரு சத்தமும் வராது. நீ வைத்துவிடாதே என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா